ஆற்றங்கரை மனிதர்களைக் காத்த பாலைவனம்: சியாவோஹே இடுகாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் வடமேற்கில், சின்ஜியாங் பகுதியில், தக்லமக்கான் பாலைவனத்தின் கிழக்கு ஓரமாக ஒரு மணல்மேடு இருக்கிறது. உயரம் 7 மீட்டர் அளவுதான். ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர்கள் அதற்குள் இருந்தார்கள். தலைமுடி, கண்ணிமை மயிர், தலையில் வைத்த கம்பளித் தொப்பி எதுவும் கெடவில்லை. யாரும் அவர்களுக்கு மருந்து பூசவில்லை, வயிற்றைக் கீறவில்லை. சியாவோஹே இடுகாடு என்று அதற்குப் பெயர்.

இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் சில கேள்விகள் தவறாமல் வரும். அவற்றையும், யாரும் கேட்காமல் விடுகிற, ஆனால் கேட்டிருக்க வேண்டிய சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சியாவோஹே எங்கே இருக்கிறது? பெயருக்கு என்ன பொருள்?

வடக்கே தியான்ஷான் மலை, தெற்கே குன்லுன் மலை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பெரும்பள்ளம்தான் தாரிம் வடிநிலம். அதன் வயிற்றுப் பகுதியை நிரப்பியிருப்பது தக்லமக்கான், 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மலைப் பனி உருகி வரும் தாரிம் ஆறு பாலைவனத்தின் வடக்கு ஓரமாகவே ஓடி, கடலைப் பார்க்காமல் கிழக்கே லோப் நூர் என்ற ஏரியில் போய் முடிந்துகொண்டிருந்தது. இன்று அந்த ஏரி வெறும் உப்புத்தரை. அதற்கு மேற்கே, மணலுக்கு நடுவில் இந்த இடுகாடு இருக்கிறது.

சீன மொழியில் 'சியாவோ ஹே' என்றால் சின்ன ஆறு. பக்கத்தில் பெயரில்லாத ஓர் ஓடை இருந்தது. அதை வைத்து 1934இல் வந்த சுவீடன் ஆய்வாளர் இட்ட பெயர் இது. அந்த ஓடையில் இப்போது தண்ணீர் இல்லை. ஆனாலும் பெயரில் ஆறு இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே பல கேள்விகளுக்கு அதுதான் விடை.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

பெரும்பாலும் சுவீடன் நாட்டு ஃபோல்கே பெரிமான் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அவரைக் கைபிடித்து அழைத்துப் போனவர் ஒருவர் இருந்தார். ஓர்டெக் என்ற உள்ளூர் வேட்டைக்காரர். சின்ஜியாங்கில் வாழும் உய்குர் மக்களின் மொழியில் ஓர்டெக் என்றால் வாத்து.

இவர் சாதாரண ஆள் இல்லை. 1900ஆம் ஆண்டு ஸ்வென் ஹெதின் என்ற புகழ்பெற்ற பயணியின் குழுவில் இவர் வேலை பார்த்தார். முந்தின நாள் முகாமில் ஒரு மண்வெட்டியை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். அதை எடுத்துவரத் தனியாகத் திரும்பிப் போன ஓர்டெக், மணற்புயலில் வழி தவறி, செதுக்கு வேலை செய்த மரத்துண்டுகள் சிதறிக்கிடந்த ஓர் இடிந்த ஊரில் போய் நின்றார். பட்டுப்பாதையின் காணாமல்போன லௌலான் நகரம் அப்படித்தான் வெளியே தெரிந்தது. மறு ஆண்டே ஹெதின் வந்து அங்கே தோண்டினார், உலகம் அவரைக் கொண்டாடியது.

அதே ஓர்டெக்தான் 1910 வாக்கில் 'ஆயிரம் சவப்பெட்டிகள் உள்ள மேடு' ஒன்றைக் கண்டார். அது ஆவிகள் உலவும் இடம் என்று அஞ்சினார். 1934இல் ஹெதினின் குழு மறுபடி அந்தப் பக்கம் வந்தபோது, வயதாகிவிட்ட ஓர்டெக் பழைய நினைவைக் கிளறி பெரிமானுக்கு வழிகாட்டினார். எளிதில் அகப்படவில்லை. நீர்வழிகள் மாறியிருந்தன. தேடி அலைந்த பிறகே மேடு கண்ணில் பட்டது. பெரிமான் 12 கல்லறைகளைத் திறந்து பார்த்துக் குறிப்பெடுத்தார். பிறகு அந்த இடம் மறுபடி மறைந்துபோனது.

உலகத் தொல்லியலில் இரண்டு பெரிய கண்டுபிடிப்புகளுக்குக் காரணமான ஒரு மனிதரை வெறும் 'வழிகாட்டி' என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. சியாவோஹே பற்றி எழுதுகிறவர்கள் ஓர்டெக்கின் பெயரை முதல் வரியில் வைக்க வேண்டும்.

மறைந்துபோனது என்றால் எப்படி? குறிப்பு இருந்ததே?

குறிப்பு இருந்தது, அடையாளம்தான் இல்லை. பாலைவனத்தில் மணல் மேடுகள் இடம் மாறும், ஆற்றுக் கால்கள் வற்றும். அதோடு லோப் நூர் பகுதியில் 1964 முதல் 1996 வரை சீனா அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. ஆகவே யாரும் எளிதில் போய் நுழையக்கூடிய வட்டாரமாகவும் அது இல்லை. 66 ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில், வாங் பிங்ஹுவா என்ற சீனத் தொல்லியலாளர் பெரிமானின் குறிப்புகளையும் ஜிபிஎஸ் கருவியையும் வைத்துக்கொண்டு அந்த மேட்டை அடைந்தார்.

முழு அகழாய்வு 2002இல் தொடங்கி 2005 வரை நடந்தது. சின்ஜியாங் தொல்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்த இத்ரிஸ் அப்துரசூல் அதற்குத் தலைமை தாங்கினார். மொத்தம் 167 கல்லறைகள் வெளிவந்தன. கல்லறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து அடுக்குகளாக இருந்தன. ஒரு தலைமுறையின் கல்லறைகளை மணல் மூடியதும் அதன்மேல் அடுத்த தலைமுறை புதைத்திருக்கிறது. அதனால்தான் அந்த இடம் மேடாகவே வளர்ந்தது. காலம் ஏறத்தாழ கி.மு. 2000 முதல் கி.மு. 1450 வரை. வருத்தமான செய்தியும் உண்டு: ஆய்வாளர்கள் வருவதற்கு முன்பே கொள்ளையர்கள் பல கல்லறைகளைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள்.

மருந்து பூசாமல் உடல் எப்படிக் கெடாமல் இருந்தது?

உடல் அழுக நுண்ணுயிர் வேண்டும், நுண்ணுயிருக்கு ஈரம் வேண்டும். இங்கே ஈரம் இல்லை. தக்லமக்கானின் இந்தப் பக்கத்தில் ஆண்டு மழை சில பத்து மில்லிமீட்டர்தான், அதுவும் சில ஆண்டுகளில் பெயருக்குத்தான். இரண்டாவது, மண்ணில் இருக்கும் உப்பு. அது உடலில் இருக்கிற கொஞ்ச நீரையும் உறிஞ்சிவிடும். மூன்றாவது, குளிர். வடக்கே தள்ளியிருக்கும் பாலைவனம் என்பதால் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே வெகுவாக இறங்கும். குளிர்காலத்தில் இறந்தவர்களின் உடல், அழுகத் தொடங்கும் முன்பே உறைந்து, உறைந்தபடியே உலர்ந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

உப்பும் உலர்த்தலும் என்ன செய்யும் என்று கடற்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உப்பு தடவிக் காயவைத்த மீன் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதும் இதே வேதியியல்தான். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, புரிவதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு: புதைத்த விதம். அதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

புதைத்த விதம் அப்படி என்ன?

முதலில் பெட்டி. பாலைவனப் பாப்லர் மரத்தின் வளைந்த இரண்டு பெரிய பலகைகள் இரண்டு பக்கமும் நிற்கும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அவை ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து சேரும். மேலே குறுக்காகச் சின்னச் சின்னப் பலகைகளை அடுக்கி மூடுவார்கள். அடியில் பலகையே கிடையாது. உடல் மணலில் படுத்திருக்கும், பெட்டி அதன்மேல் கவிழ்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட படகு மாதிரியே இருக்கும்.

பிறகு தோல். அப்போதுதான் அறுத்த மாட்டின் பச்சைத் தோலைப் பெட்டியின்மேல் போர்த்துவார்கள். காயக்காயத் தோல் சுருங்கும். பறைக்குத் தோல் இழுத்துக் கட்டுகிறவர்களுக்கு இது தெரியும், ஈரத்தோல் காய்ந்தால் எப்படி விறைக்கும் என்று. அதே விறைப்பில் பெட்டியின் மூட்டுகள் எல்லாம் இறுகி, மணலும் காற்றும் நுழைய முடியாத மூடியாகிவிடும். சில பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே ஒரு பிடி மணல்கூட இல்லை என்கிறார்கள்.

கடைசியில் கம்பம். ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு மரக்கம்பம் நட்டார்கள். சிலது 4 மீட்டர் உயரம். ஆய்வாளர்கள் போனபோது ஏறத்தாழ 140 கம்பங்கள் மேட்டின்மேல் காடு மாதிரி நின்றன. ஒரு மரம்கூட இல்லாத வெளியில் அப்படி ஒரு மரக்காடு.

அந்தக் கம்பங்களுக்கு என்ன அர்த்தம்?

இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஆண்களின் தலைமாட்டில் துடுப்பு வடிவக் கம்பம், அலகு கறுப்பு, பிடி சிவப்பு. பெண்களின் தலைமாட்டில் தூண் வடிவக் கம்பம், நுனியில் சிவப்புச் சாயம். பெரிமான் முதல் வகையைப் பார்த்துத் துடுப்பு என்றே எழுதினார். படகுப் பெட்டி, பக்கத்தில் துடுப்பு, பொருந்தித்தானே வருகிறது?

பின்னால் வந்த சீன ஆய்வாளர்கள் வேறு விளக்கம் தந்தார்கள். தூண் ஆண்குறியின் சின்னம், துடுப்பு மாதிரி இருப்பது பெண்குறியின் சின்னம். ஆணின் தலைமாட்டில் பெண்மை, பெண்ணின் தலைமாட்டில் ஆண்மை. பிள்ளைப்பேற்றை, குலம் தழைப்பதை வேண்டி நட்டது என்பது அவர்கள் கருத்து. இன்று பரவலாக ஏற்கப்படுவது இதுதான்.

எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரே பொருள் துடுப்பாகவும் இருக்கலாம், பெண்மையின் குறியாகவும் இருக்கலாம். ஒரு சின்னத்துக்கு ஒரு பொருள்தான் என்பது நம் காலத்துக் கணக்கு. இந்த மேட்டில் குழந்தைகளின் கல்லறைகளும் இருக்கின்றன. பிறந்த பிள்ளை தங்குமா என்ற கவலையோடு வாழ்ந்தவர்கள் நட்ட கம்பங்கள் இவை என்று நினைத்துப் பார்த்தால், சின்னங்களைப் பற்றி வருகிற கிளுகிளுப்பான தலைப்புச் செய்திகள் எவ்வளவு மலிவானவை என்று புரியும்.

பெட்டிக்குள் என்ன வைத்தார்கள்?

தங்கமா வெள்ளியா என்று கேட்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். உடலைச் சுற்றி ஒரு வெள்ளைக் கம்பளிப் போர்வை, ஓரத்தில் குஞ்சம். தலையில் அழுத்தக் கம்பளியில் செய்த தொப்பி, அதில் பறவை இறகு. காலில் தோல் பூட்ஸ். இடுப்பில் கம்பளி நூலால் ஆன துணி: ஆண்களுக்கு ஒடுக்கமானது, பெண்களுக்கு நூல்கள் தொங்கும் குட்டைப் பாவாடை. கையில் சிலருக்கு ஜேடு மணி. ஆண்களுக்கு அம்பு, பெண்களுக்கு மரச்சீப்பு.

பக்கத்தில் ஒரு கூடை. புல்லால் பின்னியது. பின்னலிலேயே ஏணிப்படி போலவும் முக்கோணமாகவும் கோலம் விட்டிருக்கிறார்கள். இந்தக் கூடைகளின் படத்தைத் தேடிப் பாருங்கள், நேற்று முடைந்து வைத்த மாதிரி இருக்கும். சிலவற்றில் கோதுமை, சிறுதானியம். கோதுமை மேற்கிலிருந்து வந்த பயிர், அந்தச் சிறுதானியம் கிழக்கில், சீனத்தில் விளைந்தது. பட்டுப்பாதை என்று ஒன்று பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே, ஒரே கூடைக்குள் இரண்டு திசையும் சந்தித்துவிட்டன.

எஃபெட்ரா என்ற செடியின் குச்சிகளும் அனேகமாக எல்லாருடனும் இருந்தன. சளி, மூச்சிரைப்புக்குத் தரும் எஃபெட்ரின் மருந்து இந்தச் செடியில் இருக்கிறது. சீன மருத்துவத்தில் மா ஹுவாங் என்பார்கள். வேதத்தில் வரும் சோமம் இதுவா என்று பல காலமாக ஒரு விவாதம் உண்டு. சியாவோஹேயை அதோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. அவ்வளவு தூரம் போக இங்கே ஆதாரம் இல்லை. வலியும் மூச்சுத்திணறலும் அறிந்த மக்கள், போகிறவருக்கு ஒரு மருந்துச் செடியைக் கையில் கொடுத்தனுப்பினார்கள் என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

அப்புறம், சில கல்லறைகளில் உடலே இல்லை. அதற்குப் பதில் மனித அளவில் ஒரு மரப்பதுமை. அதற்கும் அதே போர்வை, அதே தொப்பி. வெளியே போய் இறந்து, உடல் திரும்பி வராதவர்களுக்குச் செய்ததாக இருக்கலாம் என்கிறார்கள். வராத உடலுக்கும் போர்வையைக் குறைக்கவில்லை.

'சியாவோஹே அழகி' என்பது யார்? 'லௌலான் அழகி'யும் அவளும் ஒன்றா?

இல்லை, இருவர். இணையத்தில் படங்களை மாற்றி மாற்றிப் போட்டுக் குழப்பிவிட்டார்கள்.

சியாவோஹே அழகி 2003இல் இந்த மேட்டில் கிடைத்தவள். வெள்ளைத் தொப்பி, நீண்ட கண்ணிமை மயிர், கன்னத்தோல் கெடாத முகம். தூங்குகிறாள் என்றுதான் பார்க்கிற எல்லாரும் சொல்கிறார்கள்.

லௌலான் அழகி 1980இல், லோப் நூருக்குப் பக்கத்தில் வேறோர் இடத்தில் கிடைத்தவள். இறந்தபோது நாற்பதைத் தாண்டிய வயது. தலைமுடியில் பேன்கள் இருந்தன. இவளும் ஏறத்தாழ 3800 ஆண்டுகள் பழையவள், இறகு செருகிய தொப்பி இவளுக்கும் உண்டு.

'அழகி' என்ற பட்டமே எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. தலையில் பேனோடு, நாற்பது வயது வரை உழைத்துக் களைத்த ஒரு பெண்ணை முதலில் அழகுப்போட்டிக்கு நிறுத்த வேண்டுமா? ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் இல்லாமல் தேடினால் எதுவும் அகப்படாது என்பதால் நானும் பயன்படுத்துகிறேன்.

கழுத்தைச் சுற்றிச் சீஸ் இருந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. சியாவோஹேயில் எனக்கு மிகப் பிடித்த செய்தியே இதுதான்.

சில உடல்களின் கழுத்திலும் மார்பிலும் மஞ்சள் நிறத்தில் சிறுசிறு கட்டிகள் தூவிக் கிடந்தன. முதலில் யாருக்கும் என்னவென்று தெரியவில்லை. 2014இல் வெளிவந்த புரத ஆய்வு அது பால்பொருள் என்று காட்டியது. அதுவும் கன்றின் இரைப்பைச் சாறு சேர்த்துத் திரிக்கும் முறையில் செய்தது அல்ல, கெஃபிர் என்ற புளித்த பாலிலிருந்து எடுத்த சீஸ். 2024இல் ஃபூ சியாவ்மெய் குழுவினர் அதே சீஸிலிருந்து டி.என்.ஏ.வையே பிரித்தெடுத்தார்கள். பசுவின் டி.என்.ஏ., ஆட்டின் டி.என்.ஏ., பாலைப் புளிக்கவைத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ. எல்லாம் அதில் இருந்தன. ஏறத்தாழ 3500 ஆண்டுப் பழைய சீஸ். உலகில் இதுவரை கிடைத்ததிலேயே பழையது என்று அவர்கள் அறிவித்தார்கள்.

கெஃபிர் எப்படிச் செய்வார்கள்? பாலில் 'கெஃபிர் மணி' என்ற ஒரு சிறு உருண்டையைப் போட்டு வைப்பார்கள். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து வாழும் உருண்டை அது. பால் புளிக்கும், மணி வளரும், எடுத்து அடுத்த பாலில் போடலாம். நம் வீட்டில் இரவில் ஒரு கரண்டி மோரை உறை ஊற்றுகிறோமே, அதேதான். உறை தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். கெஃபிரும் அப்படித்தான் பரவும், கை மாறிக் கை மாறி. 2024 ஆய்வில் தெரிந்த ஒன்று என்னை நிறுத்திப் படிக்க வைத்தது: சியாவோஹே கெஃபிரின் பாக்டீரியா இன்றைய திபெத் பக்கத்து வகைக்கு நெருக்கமானது. கெஃபிர் என்றால் ரஷ்யாவின் காகசஸ் மலைப்பகுதிதான் தாய்வீடு என்று இருந்த எண்ணத்துக்குப் பக்கத்தில், சின்ஜியாங்கிலிருந்து கிழக்கே போன இன்னொரு வழியும் உண்டு என்று இது சொல்கிறது. யாரோ யாருக்கோ உறை கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. இவர்களுடைய மரபணுவைப் பார்த்தால், பெரியவர்களுக்குப் பச்சைப் பாலில் உள்ள சர்க்கரை செரித்திருக்காது. புளிக்கவைத்தால் அந்தச் சர்க்கரை குறையும். காரணம் தெரியாமலேயே வயிற்றுக்கு ஒத்துக்கொண்ட வழியைக் கண்டுபிடித்து, அதையே வழிச்சோறாகவும் கட்டிக்கொடுத்தார்கள்.

இவர்கள் ஐரோப்பியர்களா?

இல்லை.

கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் தவறாகப் பரவியதில் இதற்குத்தான் முதலிடம். எடுப்பான மூக்கு, பழுப்பும் செம்மையும் கலந்த முடி. இவற்றைப் பார்த்ததும் 1990களில் 'சீனப் பாலைவனத்தில் வெள்ளைக்காரர்கள்' என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. ஆய்வாளர்களிலும் ஒரு சாரார், கருங்கடலுக்கு வடக்கேயிருந்து மாட்டுவண்டியில் வந்த புல்வெளி மேய்ப்பர்களின் வாரிசுகள் என்றார்கள். இன்னொரு சாரார் நடு ஆசியாவின் பாலைவனச் சோலை விவசாயிகள் என்றார்கள்.

2021இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு இரண்டையுமே ஒதுக்கியது. சியாவோஹே, குமுகோ, பெய்ஃபாங் ஆகிய இடுகாடுகளைச் சேர்ந்த 13 பேரின் மரபணுவைப் படித்தார்கள். அதில் ஏறத்தாழ 72 சதவீதம் 'பண்டைய வட யூரேசியர்' என்று அழைக்கப்படும், பனியுகத்தில் சைபீரியப் பகுதிகளில் பரவியிருந்த வேட்டை மக்களின் வழி. மீதி 28 சதவீதம் பண்டைய வடகிழக்கு ஆசியர் வழி. புல்வெளி மேய்ப்பர் கலப்பு இல்லை, நடு ஆசிய விவசாயிகள் கலப்பும் இல்லை. அதாவது, வேறெங்கோ இருந்து வந்து குடியேறிய கூட்டம் அல்ல. அந்த நிலத்திலேயே வெகுகாலம் தனித்து வாழ்ந்த, மற்ற இடங்களில் அனேகமாகக் கலந்து கரைந்துபோன ஒரு பழங்குடியின் மிச்சம்.

முடி நிறத்தைப் பற்றி ஒரு சொல்: மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்தால் முடியின் கருநிறமிகள் சிதைந்து செம்மை தட்டலாம். நிறத்தை மட்டும் பார்த்து இனம் சொல்வது ஆபத்து.

இந்த ஆய்வில் அழகு எங்கே என்றால், ரத்தத்தில் இவ்வளவு தனித்திருந்தவர்கள் பழக்கத்தில் தனித்திருக்கவே இல்லை. மேற்கின் கோதுமை, கிழக்கின் சிறுதானியம், மாடு, ஆடு, கெஃபிர், கம்பளி நெசவு எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பெண் கொடுத்து எடுக்கவில்லை, ஆனால் விதையும் உறையும் வாங்கினார்கள்.

என்ன மொழி பேசினார்கள்?

தாரிம் பகுதியில் தொகாரியன் என்ற இந்தோ-ஐரோப்பிய மொழியில் ஏடுகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே இவர்களும் அதையே பேசினார்கள் என்று எளிதாக முடிவு கட்டிவிடுவார்கள். அந்த ஏடுகள் கி.பி. 5ஆம் நூற்றாண்டையொட்டியும் அதற்குப் பிறகும் எழுதப்பட்டவை. இடையில் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் இருக்கின்றன. 2021 மரபணு முடிவு வந்த பிறகு அந்த முடிச்சு இன்னும் தளர்ந்துவிட்டது.

பாலைவனத்தில் எப்படி மாடு வளர்த்தார்கள்?

பாலைவனத்தில் வளர்க்கவில்லை, ஆற்றங்கரையில் வளர்த்தார்கள். நான் முதலில் நினைவில் வைக்கச் சொன்னது இதைத்தான்.

பெட்டிக்கு ஆளுயரப் பாப்லர் பலகைகள், 4 மீட்டர் கம்பங்கள், நாணல், டாமரிஸ்க் புதர், கூடை முடையப் புல், போர்த்துவதற்கு மாட்டுத்தோல். ஒரு கல்லறைக்கு எவ்வளவு மரம், எவ்வளவு மாடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடு மேயப் பச்சைப் புல்வெளி வேண்டும். நூற்றுக்கணக்கில் வெட்ட மரம் வேண்டும். தாரிம் ஆற்றின் கிளைகள் பரவி ஓடிய, சதுப்பும் தோப்பும் நிறைந்த கரை அது. சுற்றிலும் பாலைவனம் இருந்தது, அவர்கள் வாழ்ந்தது ஈரத்தில். இறந்தவர்களைக் கொண்டுபோய் வைத்தது மட்டும் காய்ந்த மணல்மேட்டில்.

படகுப் பெட்டி ஏன் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட லோப் நூர் பக்கத்து மக்கள் பாப்லர் மரத்தைக் குடைந்து படகு செய்து மீன் பிடித்தார்கள். 1934இல் ஹெதின் தம் பயணத்தில் அப்படிப்பட்ட படகுகளில்தான் ஆற்றோடு போனார். பாலைவன மம்மிகள் என்று நாம் சொல்கிறோம், அவர்கள் தங்களைப் படகுக்காரர்களாக நினைத்திருக்கக்கூடும்.

பக்கத்தில் வேறு இடுகாடுகள் உண்டா?

உண்டு. 1979இல் வாங் பிங்ஹுவா தோண்டிய குமுகோவில் 42 கல்லறைகள். அதில் ஆறு கல்லறைகளைச் சுற்றி, கதிர் விரியும் சூரியன் மாதிரி மரக்கட்டைகளை வட்டம் வட்டமாக நட்டிருக்கிறார்கள். தெற்கே வெகுதூரத்தில், கேரியா ஆற்றின் வற்றிய பாதையில் இருக்கும் பெய்ஃபாங்கிலும் இதே மாதிரி படகுப் பெட்டிகள்.

செர்சென் பக்கத்தில் இருக்கும் சகுன்லுக் வேறு. ஏறத்தாழ 1000 ஆண்டுகள் பிந்தியது, மக்களும் வேறு. அங்கே ஒரு கைக்குழந்தை கிடைத்தது. தலையில் நீலக் கம்பளிக் குல்லாய், மூடிய கண்கள்மேல் இரண்டு நீலக் கற்கள், பக்கத்தில் ஆட்டு மடியில் செய்த பால்புட்டி. இந்த வட்டாரத்து மம்மிகளில் யாரும் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லச் சொன்னால் பலரும் இந்தக் குழந்தையைத்தான் சொல்வார்கள்.

எகிப்து மம்மிகளைவிடப் பழையவையா?

இல்லை. எகிப்திலேயே கெபெலெய்ன் மணலில் தானாக உலர்ந்த உடல்கள் 5000 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. தென் அமெரிக்காவில் அட்டகாமா பாலைவனத்துச் சின்சோரோ மக்கள் ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்பே உடலைப் பாடம் செய்தார்கள். சியாவோஹேயின் சிறப்பு வயதில் இல்லை. மரமும் கம்பளியும் புல்லும் உணவும் உடலோடு ஒன்றாகத் தப்பியதுதான் சிறப்பு.

எங்கே பார்க்கலாம்? பார்ப்பது சரிதானா?

உரும்சியில் உள்ள சின்ஜியாங் அருங்காட்சியகத்தில் சிலரைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 2010, 2011இல் அமெரிக்காவின் சில நகரங்களுக்கும் கொண்டுபோனார்கள். பிலடெல்பியாவில் மட்டும் சீன அரசு கடைசி நேரத்தில் தயங்க, உடல்கள் இல்லாமலேயே கண்காட்சி திறந்து, பிறகு கொஞ்ச நாளுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

ஏன் தயக்கம்? இவர்கள் யாருடைய முன்னோர் என்ற கேள்வி அங்கே அரசியல். உய்குர் மக்களில் பலர் இவர்களைத் தங்கள் மூத்த தாயாகவும் தந்தையாகவும் பார்க்கிறார்கள், லௌலான் அழகியைப் பாடல்களிலும் பாடியிருக்கிறார்கள். அரசுக்கு வேறு கதை வேண்டும். வெளியே உள்ள சிலருக்கு 'தொலைந்துபோன வெள்ளையர்' கதை வேண்டும். பின்வந்த நூற்றாண்டுகளில் அந்த நிலத்துக்கு நாலா திசையிலிருந்தும் மக்கள் வந்து கலந்தார்கள். எனவே, 'எங்களுக்கு மட்டும்' என்று மரபணுவை நீட்டி யாரும் உரிமை கேட்க முடியாது. ஆனால் அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் அவர்களைத் தம் பெரியவர்களாக மதிப்பதற்கு ரத்தச் சான்றிதழ் எதற்கு?

பார்ப்பது சரியா என்றால், ஆராய்ச்சி வேண்டும் என்றே சொல்வேன். அந்தச் சீஸை ஆராயாவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதி இல்லை. முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. தோல் போர்த்தி மூட்டு இறுக்கி, மணல் படாமல் மூடி வைத்தவர்கள் யாரும் அந்த முகத்தை வேடிக்கைக்காக வைக்கவில்லை. கூடையையும் தொப்பியையும் கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள். உடலைப் பார்க்க விரும்புகிறவர்கள் தனியறைக்குப் போய், சத்தமில்லாமல் பார்த்து வரட்டும்.

கடைசியில் அவர்களுக்கு என்ன ஆனது?

கி.மு. 1450 வாக்கில் மேட்டின் மேலடுக்குப் புதைப்புகள் நின்றுவிடுகின்றன. தாரிம் மாதிரி வண்டல் சுமக்கும் ஆறுகள் படுகையைத் தூர்த்துக்கொண்டு பாதை மாறும். லோப் நூர் ஏரியே இடம் மாறும். 1921இல்கூட ஆறு பழைய பாதைக்குத் திரும்பி, வற்றிக்கிடந்த ஏரியை நிரப்பியது. பிறகு மேலே அணைகளும் பாசனமும் வந்து 1970களுக்குள் ஏரி முழுதாகக் காய்ந்தது. சியாவோஹே மக்களின் கிளை ஆறும் அப்படித்தான் எங்கோ விலகிப் போயிருக்க வேண்டும். தண்ணீர் போன பக்கம் மாடும் மனிதரும் போயிருப்பார்கள்.

கம்பங்கள் மட்டும் நின்றன. பாலைவனப் பாப்லர் ஆயிரம் ஆண்டு வாழும், செத்து ஆயிரம் ஆண்டு நிற்கும், விழுந்து ஆயிரம் ஆண்டு மக்காது என்று சின்ஜியாங்கில் ஒரு பேச்சு உண்டு. மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பகுதியைக் காற்று நார் நாராகப் பிய்த்துவிட்டது. மணலுக்குள் இருந்த பகுதியில் அவர்கள் பூசிய சிவப்பு இன்னும் இருக்கிறது.